முப்பத்தொன்றாம் எண் ரத்தம்

வார்டு டாக்டரம்மா பட்டியலிலிருந்து எண்ணை வாசிக்க, அதே எண்ணுக்கு நேரே நான் எழுதி வைத்திருந்ததை உரக்கச் சொன்னேன்.

பத்தொன்பது. அவர் பட்டியலில் கெட்டது. என் நோட்டில் கெடும்.

இருபது. அவரிடம் கெடவில்லை. என்னிடமும் கெடாது.

கெடுவதும் கெடாததும் சிறுநீரகம். நாற்பது பேர், எல்லோருமே அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அந்த வயதில் பெரிய ஆபரேஷன் முடிந்த கையோடு சிலருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் படுத்துவிடும். வழக்கமான ரத்தப் பரிசோதனை அதைச் சொல்ல இரண்டு நாள் ஆகும். அதற்குள் காரியம் கைமீறியிருக்கும்.

எங்கள் லேபில் நாங்கள் கண்டுபிடித்த புரதமோ, கெடப்போகிறதென்றால் நாலே மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும். நாங்கள் சொன்னால் போதுமா, ஊர் நம்ப வேண்டாமா? நாற்பதில் முப்பத்தாறு சரியாக இருந்தால் இந்தப் பரிசோதனை எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகும். குறைந்தால் நாலு வருஷ உழைப்புக்கு முழுக்கு.

வந்த ரத்தத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அளந்து பார்த்து நான் ஆரூடம் எழுதுவேன். தினமும் சாயங்காலம் எங்கள் தலைவர் அதில் கையெழுத்துப் போடுவார். வார்டுக்கு மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் சிகிச்சையை மாற்றிவிடுவார்கள், சோதனை பாழ். இது தலைவர் போட்ட விதி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு.

முப்பது வரை ஒன்றுகூடப் பிசகவில்லை. பூட்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

முப்பத்தொன்று. என் நோட்டில் கெடும், அதுவும் இரண்டு அடிக்கோடு போட்டு. பட்டியலில் கெடவில்லை.

டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் அடுத்த எண்ணுக்குப் போனார்.

மிச்சம் ஒன்பதும் சரி. நாற்பதுக்கு முப்பத்தொன்பது. பூட்டு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். ஜெயித்துவிட்டோம். இனி எந்தக் கிழவரும் கிழவியும் இரண்டு நாள் காத்திருந்து சிறுநீரகத்தைப் பறிகொடுக்க வேண்டியதில்லை.

"அந்த ஒண்ணுல கோட்டை விட்டுட்டீங்களேம்மா. இதுல அடிக்கோடு வேற," என்றார் பூட்டு.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்தது?

"கோட்டையெல்லாம் விடலை சார். நான்தான் வார்டுக்குப் போன் பண்ணிட்டேன்."

அவ்வளவு ஏறிய அளவை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. மனசு கேட்கவில்லை. யாருடைய ரத்தம் என்று தெரியாது. அன்று ஆபரேஷன் ஆனவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்குமே வலி ஊசியை நிறுத்துங்கள், சிறுநீரகத்துக்கு ஆகாது, சலைன் ஏற்றுங்கள் என்று படபடவென்று சொல்லிவிட்டு, என் பெயரைக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.

வேலை போகும் என்றுதான் நினைத்தேன். பூட்டு என் நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

டாக்டரம்மா பட்டியலை மடித்து வைத்தார்.

"நீங்க பண்ணினது ரெண்டாவது போன். அதுக்குள்ள மூணு பேருக்கும் சலைன் ஓடிட்டிருந்துது. முதல்ல பேசினது ஒரு ஆம்பளைக் குரல், அவரும் பேர் சொல்லலை."

என் நோட்டைப் பார்க்கும் ஒரே ஆண்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி, வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது என்றார்.