எட்டாத டப்பா

"என்னங்க, கொஞ்சம் வர்றீங்களா? டீத்தூள் டப்பா எட்டலை."

பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டார். இப்போதுதான் வரிகள் தாமாக வந்து விழ ஆரம்பித்திருந்தன.

காலையிலிருந்து மனைவி இதே வேலையாகத்தான் இருந்தாள். முதலில் பால்கனிக் கதவு திறக்கவில்லை என்றாள். அப்புறம் வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். போய்ப் பார்த்தால் ஈ காக்கை இல்லை.

அவர் எழுதுவதோ ஃப்ளோ பற்றிய புத்தகம். ஓட்டக்காரரோ இசைக் கலைஞரோ தம் வேலையில் கரைந்துபோகும் அந்த நிலையைத்தான் பாதி ஆயுளாக ஆராய்ந்திருந்தார். அதில் நேரம் போவது தெரியாது, பசி தெரியாது, உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்ததில் ஒரு கெடு தவறியாயிற்று. கடைசி அத்தியாயம் இன்று சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் புத்தகமே இல்லை. அதனால் இடைஞ்சல் வேண்டாமென்று போனில் இருந்த அலாரத்தைக்கூட அணைத்திருந்தார்.

போன் அடித்தது. பதிப்பகத்துப் பெண்.

"சார், இன்னைக்கு முடிஞ்சிருமா?"

"எங்கம்மா முடியறது? உலகத்துக்கே ஃப்ளோ பத்திப் பாடம் எடுக்கறேன். அதுக்குப் பரம எதிரி என் வீட்டு அடுக்களையில இருக்கா."

அந்தப் பெண் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுக்களைக்குப் போய் டப்பாவை இறக்கி நங்கென்று மேடையில் வைத்தார்.

"தினமும் எடுக்கற டப்பாவை ஏன் உச்சாணியில வைக்கிறே?"

"கீழ இடமில்லைங்க."

"ஒரு நாற்காலி போட்டு ஏறினா என்ன?"

"ஏறினா எனக்குத் தலை சுத்தும்."

முணுமுணுத்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் காணோம். அடுக்களை மேடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தலையிலடித்துக்கொண்டு மறுபடி போனவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

மனைவி நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். தலை சுற்றலையும் காணோம், ஒன்றையும் காணோம். டீத்தூள் டப்பாவை மேல் தட்டில் பழையபடி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நடக்குது இங்கே?"

அவள் டப்பாவும் கையுமாக மெதுவாக இறங்கினாள்.

"போன வருஷம் மாதிரி மறுபடி கால்ல ரத்தம் உறையக் கூடாதுன்னா அடிக்கடி எழுந்து நடக்கணும்னு டாக்டர் சொன்னாரில்ல? அதுக்கு வெச்ச அலாரத்தையே நீங்க அணைச்சிட்டீங்க. எழுந்திருங்கன்னு நேராச் சொன்னா 'இதோ'ன்னு சொல்லிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பீங்க. எழுத உட்கார்ந்தா உடம்பே தெரியாதுன்னு எழுதறவரும் நீங்கதான். யாராவது ஒருத்தருக்கு அது தெரிய வேண்டாமா?"

இவளைப் போய் எதிரி என்று சொல்லிவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என் மேல கோபமா?" என்றாள். "அத்தியாயம் கெட்டுப்போச்சா?"

"அதெல்லாம் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி, தானே அந்த நாற்காலியில் ஏறி, நாற்காலி போட்டாலும் அவளுக்கு எட்டாத மூலையில் தள்ளி வைத்துவிட்டு எழுதப் போனார்.