அறுபத்து நாலு கட்டம்

அவர் காதில் ஹெட்போன் இல்லை. கதவைத் திறந்துகொண்டு வந்த மனைவி அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க!" என்று மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. மேசைமேல் இருந்த மின்வாத்தியப் பேடின் மீது குனிந்து, மேல் வரிசை ரப்பர்க் கட்டங்களைத் தட்டிக்கொண்டே இருந்தார். தப், தப், தப். அதைத் தவிர அறையில் ஒரு சத்தமும் இல்லை.

இத்தனை நாளும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டி வாசிக்கிறார் என்றே நினைத்திருந்தாள். கூப்பிட்டால் 'ஏன்' என்று கேட்காததற்கும் அதுதான் காரணம் என்று விட்டுவிட்டாள். இப்போது பார்த்தால் அந்த ஹெட்போன் அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கிறது!

மேடைக் கச்சேரிகளில் இருபத்தைந்து வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவர் அவர். போன மாதம் குழுத் தலைவர் வந்து இந்தப் பேடை நீட்டினார். "அண்ணே, இனிமே மேடையில இதுதான். புல்லாங்குழல் சத்தத்தை வச்சு, உச்சி ஸ்வரம் வரைக்கும் போய்ட்டு வாங்க. சனிக்கிழமை வாசிச்சுக் காட்டுங்க. முடியலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

எட்டுக்கு எட்டு, அறுபத்து நாலு கட்டம். கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை என்கிற பேச்சே கிடையாது. பக்கத்துக் கட்டத்துக்குப் போனால் அரை ஸ்வரம் ஏறும். மேல் வரிசைக்குப் போனால் ஒரே தாவலாக ஐந்து அரை ஸ்வரம் ஏறும். தப்பு ஸ்வரங்களை மறைத்து வைக்கிற வசதி ஒன்று இருந்தது, தலைவர் அதையும் அணைக்கச் சொல்லிவிட்டார். பாடுகிறவர் திடீரென்று சுருதியை மாற்றினால் பன்னிரண்டு ஸ்வரமும் கைக்குக் கீழே இருக்க வேண்டுமாம்.

"ஒரே ஒரு சௌகரியம் இருக்கு," என்று முதல் வாரமே அவர் சொன்னார். "எந்தச் சுருதியில ஆரம்பிச்சாலும் விரல் போற வழி ஒண்ணுதான். அது மட்டும் பழகிட்டா போதும்."

அந்தப் பேச்சு இப்போது அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தொட்ட கட்டத்தில் விளக்கு எரிகிறது, விரலுக்கு வழி மனப்பாடம், பிறகு காது எதற்கு? அடப் பாவி மனுஷா, இதை மறைக்கத்தான் கதவைச் சாத்திக்கொண்டாயா!

முந்தாநாள் கீழ் வீட்டுத் தையற்கார அம்மா மாடிப்படியில் மடக்கி, "அக்கா, உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லுங்க, மண்டை இடிக்குது" என்று புலம்பினாள். மனுஷன் தட்டுகிற தட்டு மேசைக்கால் வழியாக இறங்குகிறது போல என்று, பழைய போர்வையை நாலாக மடித்துப் பேடுக்கு அடியில் கொடுத்தாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

அவளுக்கு வேலையிலும் நிம்மதி இல்லை. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிறவள். போன வாரம் ஒரு தெருப்பெயர் மாறிப்போய் வண்டி எங்கோ போய் நிற்க, மேலதிகாரி அவளை வறுத்தெடுத்துவிட்டார். கூப்பிடுகிற ஆட்கள் மென்று முழுங்கிப் பேசினால் அவள் என்ன செய்வாள்? அந்த வயிற்றெரிச்சலே இன்னும் ஆறவில்லை. அதற்குள் இது.

கிட்டே போய் அவர் தோளைத் தொட்டாள். அவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். குனிந்து மேசைக்கடியில் எதையோ திருகிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன இப்படிப் பயமுறுத்தறே?"

"எத்தனை நாளாங்க இப்படி?" என்றாள், அவர் வாயையே பார்த்துக்கொண்டு.

"எப்படி?"

"மழுப்பாதீங்க. மூணு தடவை கூப்பிட்டேன்."

"வாசிச்சுக்கிட்டு இருந்தேன்ல?"

"என்னத்தை வாசிச்சீங்க? ஹெட்போன் அங்க கிடக்கு, நீங்க இங்க சத்தமே இல்லாம தட்டிக்கிட்டு இருக்கீங்க. காது கேக்கலைன்னா எங்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன? நான் என்ன உங்களை விட்டுட்டுப் போயிடவா போறேன்?" அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சனிக்கிழமை போனா போகட்டும். இன்னைக்கே காது டாக்டரைப் பாத்துடலாம், நான் லீவு சொல்லிடறேன்."

அவர் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, முன்பு திருகியதைப் பழையபடி திருகினார். மேல் வரிசையின் கடைசிக் கட்டத்தில், இருப்பதிலேயே உச்ச ஸ்வரத்தில், விரலை வைத்து எடுக்காமல் அழுத்தினார். கட்டம் பச்சையாக எரிந்தது.

"பாத்தீங்களா, லைட்டு மட்டும் எரியுது! சத்தம் எங்க?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் விரலை எடுக்கவில்லை. கீழ் வீட்டில் யாரோ கம்பால் கூரையை இடித்தார்கள், தரை அவள் காலடியில் அதிர்ந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு விரலை எடுத்து, இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"மேசைக்கடியில ஸ்பீக்கரை ஃபுல்லா வச்சிருக்கேம்மா... உனக்குக் கேக்கலையா?"