மூன்றாவது கோட்டை

"குதிரைங்களை ஆத்துல எறக்காதீங்க மாமா! பக்கத்துலயே பாலம் இருக்கு பாருங்க!" என்று நத்தர்ஷா அலறினான்.

சேக்தாவூது ராவுத்தர் இறக்கிவிட்டார். அத்தனை குதிரையும் முழுகிச் செத்தன. டி.வி. பெட்டி ஓர் அழுகுரல் எழுப்பி, ராவுத்தர் தோற்றுப்போனதாக அறிவித்தது.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு மருமகன் தன் மாமனாரை ஜெயிக்க வைக்க இவ்வளவு பாடுபட்டதை யாரும் கண்டதில்லை. ஜவுளிக்கடை மாடி சன்னலுக்குக் கீழே நின்று ஒட்டுக்கேட்டவர்களுக்கே பாவமாக இருந்தது. இத்தனைக்கும் அந்த ஆற்றை வெட்டியவனும் எதிரிப் படையைச் செய்தவனும் நத்தர்ஷாதான்.

எண்பத்து நாலில் கல்யாணத்துக்காக துபாயிலிருந்து வந்தபோது, டி.வி.யில் மாட்டுகிற கம்ப்யூட்டர் ஒன்றையும் கொண்டுவந்தான். பெரம்பலூர் ரேடியோ மெக்கானிக் ராசாங்கத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, விருந்து தின்கிற நாளிலேயே கோட்டையைப் பிடிக்கும் யுத்த விளையாட்டு ஒன்றைச் செய்து கேசட்டில் ஏற்றினான். அதோடு வாயை மூடியிருக்கலாம். "இதுல யாராலயும் ஜெயிக்க முடியாது மாமா" என்று கடை வாசலில் பத்துப் பேர் முன்னால் பீற்றிக்கொண்டான்.

"அப்படியா? நான் ஜெயிக்கிற அன்னிக்கு ஒன் பாஸ்போர்ட்டைத் தர்றேன், கெளம்பு. அதுவரைக்கும் எங்கூடக் கடையில இரு" என்றார் ராவுத்தர்.

ரெண்டு நாள் கூத்து என்று நினைத்து, மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கையடித்துக் கொடுத்தான். பாஸ்போர்ட் இரும்புப் பெட்டிக்குள் போனது. சாவி ராவுத்தரின் பச்சை பெல்ட்டுக்குள் போனது.

அதற்கப்புறம் அவன் சிரித்ததாகத் தகவல் இல்லை. பகலெல்லாம் கடையில் ரவிக்கைத் துணி கிழிப்பான். சாவி கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருக்கும். ஆனால் அது இருக்கிற இடம் மாமனாரின் இடுப்பு.

அந்தத் தெருவில் பாதி வீட்டில் புருஷன் என்பது சுவரில் மாட்டிய போட்டோ. மீதி வீட்டில் மாசம் ஒரு கடுதாசி. ராவுத்தர் மகள் சபுரா வீட்டு வாசலில் மட்டும் ஆம்பளைச் செருப்பு கிடந்ததில், மற்ற பெண்களுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

துபாய்ச் சிநேகிதன் வருஷத்துக்கு ஒரு விசா அனுப்பினான். நத்தர்ஷா விசாவுக்கு ஒரு விளையாட்டு செய்தான். ராசாங்கம் கேசட்டுகளை மெட்ராஸ் பர்மா பஜாரில் விற்றான். முதல் விளையாட்டை வாங்கியவர்கள், ஜெயிக்கவே முடியவில்லை என்று திட்டிக்கொண்டே வாங்கினார்கள். இரண்டாவதில் மதில் சுவரைப் பாதியாகக் குறைத்தான். மூன்றாவதில் கோட்டைக் கதவையே கழற்றிவிட்டான்.

"இதை எவன் பாய் வாங்குவான்?" என்று ராசாங்கம் தலையில் அடித்துக்கொண்டான். "எதிரி ராசா தூங்குறான். காவக்காரனுக்குக் கண்ணு தெரியல. ஊர் ஒலகத்துல வரவரக் கஷ்டமாப் பண்ணுவாங்க. நாம என்னடான்னா தொட்டில் கட்டி ஆட்டுறோம்!"

"எவனும் வாங்க வேணாம்யா. ஒரே ஒருத்தர் ஜெயிச்சாப் போதும்."

சன்னலுக்குக் கீழே இருந்து டீக்கடை வைரக்கண்ணு குரல் கொடுத்தான். "ஏன் பாய், மாமா கையப் புடிச்சு நீயே அமுக்கி வுட்டுடேன்!"

நத்தர்ஷா தலையை வெளியே நீட்டினான். "அதையும் பண்ணிப் பாத்துட்டேன். உதறிட்டாரு."

ஆனாலும் ஊர் நம்பிக்கையை விடவில்லை. முதல் விளையாட்டில் டீ ஆறுவதற்குள் தோற்றவர் ராவுத்தர். இரண்டாவதில் மதியத் தொழுகை வரைக்கும் தாக்குப்பிடித்தார். இந்த மூன்றாவதில் காலையில் உட்கார்ந்தவர், வியர்வை ஊற்ற ஊற்றப் போராடி, சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் தோற்றார். மனுஷர் தேறிக்கொண்டு வருகிறார், அடுத்ததில் அடித்துவிடுவார் என்று டீக்கடையில் கணக்குப் போட்டார்கள்.

அடுத்தது என்று ஒன்று இல்லை. இதுதான் கடைசி விசா, இனி தன்னால் முடியாது என்று சிநேகிதன் எழுதிவிட்டான். அதுவும் இந்த வெள்ளிக்கிழமையோடு செத்துப்போகும்.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம் மாமா" என்று கெஞ்சினான் நத்தர்ஷா. "நேரா நடந்து உள்ள போனாப் போதும். யாரும் தடுக்க மாட்டாங்க. நானே சொல்றேன்ல?"

"கண்ணு எரியுதுப்பா" என்றார் ராவுத்தர். "பெல்பாட்டம் காலத்துல மல்லுவேட்டி வித்தவன் நான். இந்த மண்டையில இதெல்லாம் எங்க ஏறப்போவுது?"

"அப்ப பாஸ்போர்ட்டைச் சும்மாவாச்சும் குடுங்க மாமா."

"பத்துப் பேரு முன்னாடி சொன்ன வார்த்தை. ஜெயிக்காம எப்புடிப்பா தர்றது? அசிங்கம் இல்லையா?"

நத்தர்ஷா டி.வி. பக்கம் திரும்பினான். கதவில்லாத அவன் கோட்டை திறந்த வாயோடு அவனைப் பார்த்தது. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, கம்ப்யூட்டரை ராசாங்கத்தின் கையில் கொடுத்தான். "எடுத்துட்டுப் போயிடு. என் கண்ணுல காட்டாத."

இருவரும் படியிறங்கினார்கள். கீழே ஒரு அம்மாள் பாப்ளின் கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் மீட்டர் கம்பைக் கையில் எடுத்தான்.

மாடியில் சபுரா கதவைச் சாத்திவிட்டு வந்து, அத்தா முன்னால் டீயை வைத்தாள். ராவுத்தர் தோள் துண்டால் கழுத்து வியர்வையை ஒற்றிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"எம்புட்டு சுலபமாப் பண்ணித் தொலைச்சிட்டான்! தோக்கறதுக்குள்ள உசுரு போயிடுச்சும்மா."