பாய்லரில் ஒரு குறை

"இந்த வருஷமும் இல்ல, வெர்னன். பாய்லர் தாங்கல. பிரஷர் காட்டுற ஊசி இறங்குது" என்றார் டுவைட்.

லோரெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரிசோனா பாலைவனத்தில் இருக்கும் இந்தக் குட்டி ரயில் பூங்காவுக்கு, விடிவதற்கு முன்பே கிளம்பி, அப்பா வெர்னனையும் அவருடைய நீராவி எஞ்சினையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். முழங்கால் உயர எஞ்சின்தான். ஆனால் பெரியவர் தன் ஷெட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகத் தானே செய்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகளையே ஏற்றி இழுக்கும்.

பூங்காவை நடத்தும் சங்கத்தில் பாய்லரைச் சோதிப்பவர் டுவைட். அவர் தலையாட்டினால்தான் எஞ்சினைத் தண்டவாளத்தில் ஏற்ற முடியும். மூன்று வருஷமாக மனுஷன் ஆட்டவில்லை. நேற்று முளைத்தவர்களின் எஞ்சின்கள்கூடத் தேறிவிட்டன.

"சரி டுவைட், நீ சொன்னா சரிதான்" என்று அப்பா எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

டுவைட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மடக்கினாள்.

"ஊசியை நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். இருந்த இடத்தை விட்டு அசையவே இல்ல."

டுவைட் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"உங்க எஞ்சினைவிட அவரோடது நல்லா ஓடுதுன்னு வயித்தெரிச்சல், அதானே? வயசான மனுஷனை இப்படி ஏங்க வைக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?"

"மெதுவா பேசும்மா. அவன் காதுல விழுந்துடப் போகுது."

"விழட்டும்."

"பாய்லர்ல ஒரு குறையும் இல்ல. அவன் கண்ணுலதான்." டுவைட் குரலைத் தாழ்த்தினார். "கடைசியா ஓட்டினப்போ சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போயிட்டான். பின்னாடி பூரா குழந்தைங்க. நல்ல வேளை, எதிர்ல வண்டி இல்ல. ஓடிப்போய் கையை ஆட்டினேன், என்னையே அவனுக்குத் தெரியல. உன்னால இனிமே முடியாதுடான்னு அவன்கிட்ட எந்த வாயால சொல்றது? பழியை பாய்லர் மேல போட்டுட்டேன். என்னை எவ்ளோ வேணா திட்டிக்கோ. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத."

லோரெட்டா அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வந்தாள்.

டிரெய்லர் பக்கத்தில் அப்பா எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டுவைட்கிட்ட சண்டை போட்டியா?"

"இல்லப்பா. பாய்லர் எங்கயோ கசியுதாம்."

"எங்க கசியுது? நானே கையால தடவிப் பார்த்தேன். பொட்டுத் தண்ணி இல்ல."

அவள் திகைத்துப்போனாள்.

"அப்புறம் ஏம்ப்பா ஒத்துக்கிட்டீங்க?"

"என் கண்ணு போனது எனக்குத் தெரியாதாம்மா? அந்த சிக்னலைத் தாண்டின அன்னிக்கே, இனி ஓட்டறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். அடுத்த வருஷம் அதைச் சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள இவன் பாய்லரைக் குறை சொல்லிட்டான். பொய் சொன்னா காதெல்லாம் சிவந்துபோற பய. எனக்காகச் சொல்றான். நான் எப்படிம்மா அவனைக் காட்டிக்கொடுக்கிறது?"

"அப்போ எதுக்குப்பா வருஷா வருஷம் இந்தக் கனத்தை இவ்ளோ தூரம் இழுத்துக்கிட்டு வர்றோம்?" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்பா எஞ்சின்மேல் தார்ப்பாயைப் போர்த்தினார்.

"அடுத்த வருஷமும் இழுத்துட்டு வரணும்மா. வரலைன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும்."