பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ

"அழுகிற ஆக்கள் ஒருத்தரும் ஹெலிகொப்டருக்குக் கிட்ட வரக்கூடாது. தள்ளி நில்லுங்கோ!"

இரத்தினேஸ்வரி மிஸ் போட்ட சத்தத்தில் சீனக்குடா விமானத் திடலில் நின்ற அத்தனை பேரும் சட்டென்று பின்வாங்கினார்கள். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு சேர்த்துப் பட்டியால் இறுக்குவதிலேயே கண்ணாக இருந்தார்.

டொக்டர் சிந்துஜன் மருந்துப்பையை இன்னொருதரம் சரிபார்த்தார். ஆபத்தான நோயாளிகளைக் கொழும்புக்குப் பறந்து கொண்டுபோகும் இந்தச் சேவைக்கு அவர் வந்து ஒரு கிழமைதான். முதல் பறப்பு, அதுவும் இப்படியொரு கடுகடுத்த தாதியோடு!

நோயாளி உப்புவெளியில் மோட்டார் சைக்கிளில் போகும்போது பஸ் தட்டி விழுந்தவர். தலைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு எல்லாம் ஆயத்தமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதுவரை உயிரைப் பிடித்துவைத்திருப்பது இவர்கள் இரண்டு பேரின் பொறுப்பு.

"இவற்ற மனிசிக்கு அறிவிச்சாச்சோ மிஸ்?"

"ஓம். அவவுக்குத் தெரியும்."

அவ்வளவுதான் பதில். அதற்குள் நோயாளியின் தங்கை லக்சனா ஓடிவந்து டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டொக்டர், என்னையும் ஏத்துங்கோ. அண்ணாவைத் தனிய விட ஏலாது."

"சொந்தக்காரர் ஏற ஏலாது தங்கச்சி. ஆராயிருந்தாலும் சட்டம் ஒண்டுதான். பக்கத்தில சொந்தம் இருந்தா பதறிப் போவினம், எங்கட வேலை கெட்டுப்போகும்."

மிஸ் நிமிர்ந்தார். "நீர் வீட்ட போம். பிள்ளையள் பள்ளிக்கூடம் விட்டு வாற நேரம். அதுகளைப் பாரும்."

லக்சனா மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், அழுகையை விழுங்கிக்கொண்டு பேசாமல் விலகிப் போனாள். ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் வாயா தேய்ந்துவிடும் என்று டொக்டருக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஹெலியின் வாசலில் நின்ற உதவியாளர் இல்ஹாம் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினார். "ஆளுட பேர் என்ன மிஸ்?"

மிஸ் வாயைத் திறக்கவில்லை. நோயாளியின் கையைத் தூக்கி, மணிக்கட்டில் கட்டியிருந்த அட்டையைக் காட்டினார். 'கதிரவேல்' என்று இல்ஹாம் தானே வாசித்துக்கொண்டார். நோயாளியின் பேரைச் சொல்லக்கூடவா அலுப்பு என்று டொக்டர் பல்லைக் கடித்தார்.

ஹெலி எழும்பியது. துறைமுகம் சரிந்து பின்னால் போனது. கந்தளாய்க் குளம் கீழே தெரிந்தபோது, அதுவரை முனகிக்கொண்டிருந்த கதிரவேல் அடங்கிப்போனார்.

டொக்டர் பதறியடித்து நோயாளியின் காதுக்கவசத்தை விலக்கினார். "கதிரவேல்! கதிரவேல் ஐயா! கண்ணைத் திறவுங்கோ!"

அசைவில்லை. தோளைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். இமைகூட ஆடவில்லை.

இனித் தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டும். ஆடுகிற ஹெலியில் அது லேசுப்பட்ட வேலையில்லை. கொஞ்சம் பிசகினாலும் இருக்கிற மூச்சும் நின்றுவிடும். டொக்டர் தடுமாறித் தடுமாறிக் குழாயை எடுத்தார். பக்கத்தில் மிஸ் ஒரு துளி சிந்தாமல் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். இந்த மனிசிக்கு நெஞ்சுக்குள் ஒன்றுமே இல்லையா?

"மிஸ், கடைசியா ஒருக்கா நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கோ. பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ!"

மிஸ் தயங்கினார். பிறகு குனிந்து, நோயாளியின் காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னார். இரைச்சலில் டொக்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கதிரவேலின் இமை துடித்தது. மெல்ல மெல்லக் கண் திறந்தது. பட்டிக்குக் கீழே அவருடைய விரல்கள் எதையோ தேடி அசைந்தன.

டொக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழாயைக் கீழே வைத்தார். "நான் தொண்டை கிழியக் கத்தினனான், ஆள் அசையேல்லை. நீங்கள் அப்பிடி என்ன மிஸ் சொன்னனீங்கள்?"

மிஸ் அந்த விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். இப்போதுதான் அவருடைய கை நடுங்கியது.

"கலியாணம் கட்டின நாள்தொட்டுக் கூப்பிடுற மாதிரித்தான் டொக்டர்... 'இஞ்சாருங்கோ' எண்டனான்."