அரண்மனைக்குப் போகும் சொற்கள்

கழுத்துப்பட்டியை அவரே அவிழ்த்தார்.

கோட்டைக் காவலர் உதவ வந்தபோது வேண்டாமென்று தலையசைத்தார்.

வெட்டுமேடைக்குப் பத்துப் படிகள். மேலே வைக்கோல் பரப்பியிருந்தது. காலை வெயில் நன்றாக இருந்தது.

பேச வேண்டியது மனப்பாடம். நான்கு வாக்கியம். நான்கிலும் அரசரின் புகழ்.

துரோகியின் சொத்தெல்லாம் அரசருக்குப் போகும். அது சட்டம். சாகிறவன் மேடையில் நின்று அரசரை வாழ்த்தினால் பிள்ளைகளுக்கு ஒரு வீடு மிஞ்சலாம். அது வழக்கம்.

அவருக்கு ஒரு மகள். ஒன்பது வயது.

மனைவி போன வருடம் இறந்துவிட்டாள்.

வேட்டைநாய் பழக்க அரண்மனைக்குள் போனவர். பதினான்கே வருடத்தில் பிரபு. அரசருக்கு வலப்பக்கத்து நாற்காலி. அது இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரிந்துகொள்ள, அரசரின் ஆயுளை ஒரு சோதிடனிடம் கேட்டார். அரசரின் சாவுக்கு நாள் பார்ப்பதே துரோகம். அந்தக் கேள்விக்குத்தான் இந்த மேடை.

ஆனால் பேச்சு அவரைக் கைவிட்டதில்லை. எந்தச் சொல்லுக்கு அரசர் இளகுவார் என்று தெரியும். இதே மேடையின் கீழே நின்று, பதினோரு பேரின் கடைசிப் பேச்சைக் கேட்டு அரண்மனைக்குக் கொண்டுபோனவர். அவர் சொன்னதைத்தான் அரசர் நம்பினார்.

வெட்டுகிறவன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான். கொடுத்தார்.

பிறகு, இன்று பேச்சைக் கொண்டுபோகிறவன் யாரென்று கீழே பார்த்தார்.

ஆம்புரோஸ் தார்ன்ஹே. கையில் தாளும் இறகுப் பேனாவும்.

பதினோராவது ஆள் இவனுடைய தந்தை.

அன்று அரசர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிழவர் என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்று இவர் சொன்னார். அந்த வாரமே தார்ன்ஹே குடும்பத்தின் குளத்தங்கரை வீடு இவருக்கு வந்தது. மகள் இப்போது அங்கேதான் இருக்கிறாள்.

கூட்டம் காத்திருந்தது.

நான்கு வாக்கியங்களையும் விட்டுவிட்டார்.

“ஆம்புரோஸ், உங்கப்பா இங்க நின்னு பேசினாரு. நான் கொண்டுபோகல. இப்ப சொல்றேன், கேட்டுக்கோ.”

சொன்னார். ஒரு சொல் விடாமல். அரசர் நெடுங்காலம் ஆள வேண்டுமென்று கிழவர் வாழ்த்தியதை. மகன்கள் இருவருக்கும் தன் குற்றத்தில் பங்கில்லை என்றதை. குளத்தங்கரை வீட்டை மட்டும் அவர்களுக்கு விட்டுவைக்கக் கெஞ்சியதை. நடுவே இருமியதைக்கூட.

தனக்கென்று ஒன்றும் சேர்க்கவில்லை.

நேரமாகிவிட்டது என்றார் காவலர்.

ஆம்புரோஸ் மேடையை ஒட்டி வந்து நின்றான்.

“பொண்ணு பேரு என்ன?”

“செசிலி.”

எழுதினான். பெயரோடு நிறுத்தவில்லை. கீழே இன்னொரு வரி எழுதினான். மேடையிலிருந்து படிக்க முடியாத சிறிய எழுத்து.

அவர் படிக்க முயலவில்லை.

மண்டியிட்டார்.