உரிமையாளர் இருக்குமிடம்

வீட்டுக்குச் சொந்தக்காரரின் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைக் கேட்டுச் சொன்னால்தான் மேற்கொண்டு நகர முடியும் என்று சிவப்ரியா நஜீபாவிடம் சொன்னாள்.

சிவப்ரியா ஆடிட்டர் ஆபீஸ் பெண். வரிக்கான வாடகைக் கணக்கை இனிமேல் ஆன்லைனில்தான் காட்ட வேண்டுமாம். கடைக்காரர்களுக்கும் வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க, வர்த்தகர் சங்கம் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தது. ஊரில் பெரிய வியாபாரி என்று பெயரெடுத்தவர்கள் எல்லாம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு நஜீபாவின் மகள் ஜுவைரியா பெயரில் இருந்தது. மகள் எங்கே என்று கேட்டதற்கு, ஷார்ஜா என்றாள் நஜீபா. சிவப்ரியா கம்ப்யூட்டரில் வெளிநாடு என்று தட்டினாள்.

ஷார்ஜா என்பது நஜீபாவே கட்டிய கதை.

கல்யாணம் பேசி முடித்த கையோடு பெண் பெயருக்கு வீட்டை எழுதிவிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். அப்படித்தான் எழுதினார்கள். பத்திரிகை அடித்து வந்த வாரம், ஊருக்குக் கொடுக்கும் முன்பே, ஜுவைரியா கூடப் படித்தவனோடு போய்விட்டாள். அவளைப் பெற்ற வாப்பா அவள் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றுவிட்டார்.

எந்த வீட்டைத் தட்டினாலும் ஒரு ஆள் வளைகுடாவில் இருக்கிற ஊர். கல்யாணத்தை மாப்பிள்ளை ஊரிலேயே சுருக்கமாக முடித்து, மகள் மாப்பிள்ளையோடு ஷார்ஜா போய்விட்டாள் என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஷார்ஜாவில் எந்த இடம் என்று துருவியவர்களிடம், மாப்பிள்ளை அடிக்கடி ரூம் மாறுகிறார் என்று சொல்லிச் சமாளித்தாள். உண்மையில் மகள் எந்தத் திசையில் இருக்கிறாள் என்றே நஜீபாவுக்குத் தெரியாது.

இப்போது அவளைக் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடாமல் விட்டால் நோட்டீஸ் ஜுவைரியா பெயருக்கு வரும். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், இத்தனை நாளும் மகள் பெயரில் ஒரு குறை வராமல் வரி கட்டி வந்தவள் நஜீபா. அதை இப்போது விட மனசு வரவில்லை.

பக்கத்து நாற்காலியில் எதிர்வீட்டு ஜன்னத் தன் முறைக்காகக் காத்திருந்தாள். அவள் காதுக்கு எதுவும் தப்பாது.

மகள் போன பிறகு ஒருமுறைகூடக் கூப்பிடாத அந்தப் பழைய நம்பரை நஜீபா போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள்.

 

நஜீபா போனைச் சிவப்ரியாவிடம் நீட்டினாள். சிவப்ரியா போனை வாங்கி, தட்டுவதற்கு வசதியாக ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். ஜுவைரியா ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. பாதி எண்கள்கூடச் சொல்லி முடித்திருக்க மாட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே, பின்தெருப் பள்ளிவாசல் மைக்கில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மோதினார் காதர் பாட்சா. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதற்கு முன்னால் மைக்கிலேயே ஒருமுறை செருமுவது அவர் பழக்கம். ஜமாஅத்தில் எத்தனை தடவை சொல்லியும் விடவில்லை.

ஒரு நொடி கழித்து, மேஜையில் கிடந்த போனுக்குள்ளிருந்தும் அதே செருமல் கேட்டது.

பிறகு பாங்கு, ஜன்னல் வழியாகவும் போன் வழியாகவும், ஒன்றன்பின் ஒன்றாக.

நஜீபா ஜன்னலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். எப்போது ஊருக்குத் திரும்பி வந்தாள்? எந்தத் தெரு? தினமும் இதே குரலைக் கேட்டுத்தான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாளா?

ஜன்னத் முன்னால் சாய்ந்தாள்.

"ஏன் நஜீபா, ஷார்ஜாவுலயும் நம்ம மோதினாருதான் பாங்கு சொல்றாரா?"

போனில் எண்கள் நின்றுபோயின. சிவப்ரியா கீபோர்டைப் பார்த்தபடி இருந்தாள்.

டிவி, ரெக்கார்டிங் என்று நஜீபாவின் நாக்கு நுனிக்கு ஒரு பொய் வந்து நின்றது. பழகிய நாக்கு. அதை விழுங்கிவிட்டு, ஜன்னத் பக்கம் திரும்பாமல் சிவப்ரியாவிடம் சொன்னாள்.

"வெளிநாடுன்னு போட்டீங்கள்ல, அதை அழிச்சிடுங்க. எம் மக இங்கதான் இருக்கா."

பாங்கு முடிந்திருந்தது. போனை இன்னும் யாரும் வைக்கவில்லை. அதற்குள்ளிருந்து ஜுவைரியா மூக்கை உறிஞ்சுவது மண்டபத்துக்கே கேட்டது. பிறகு, விட்ட இடத்திலிருந்து மீதி எண்களைச் சொல்லத் தொடங்கினாள்.